உதடு அசையாமல் ஒரு பரீட்சை

"…பாஸானீங்கன்னாத்தான் வருவேன் அம்மணி. இல்லீன்னு வெய்யுங்க, நேரா எடப்பாடி பஸ்ஸைப் பாத்து நடையைக் கட்டிப்போடுவேன். அப்பறம் என்னைக் குத்தஞ் சொல்லப்படாது, ஆமா."

போன வருடம் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் நின்றுகொண்டு ஓர் அக்கா என்னிடம் இப்படிச் சொன்னார். நான் பரீட்சை எழுத வந்தவள். அவர் எங்கள் தறிக்கூடத்தில் தறி ஓட்டுகிறவர், எனக்குத் துணையாக வந்தவர். அவர் 'வருவேன்' என்று சொன்னது எந்த இடத்துக்கு, அதை ஏன் என் பரீட்சையோடு சேர்த்து முடிச்சுப் போட்டார் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எடப்பாடியிலிருந்து சற்றுத் தள்ளி எங்கள் ஊர். வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். எட்டு விசைத்தறி. துண்டும் லுங்கியும் நெய்கிறோம். கூடத்தை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். நான் பிளஸ் டூ வரை பள்ளியில் படித்தவள். மிச்சமெல்லாம் அஞ்சல் வழியிலும் செல்போனிலும் நானாகத் தேடிப் படித்தது. அதை வைத்துக்கொண்டு ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை வாங்கினேன். வாடிக்கையாளர்கள் எழுதி அனுப்பும் புகார்களுக்குத் தட்டச்சிலேயே பதில் அனுப்பும் வேலை. பேச வேண்டியதில்லை என்பதால், வாரத்தில் பாதி நாள் தறிச் சத்தத்துக்கு நடுவே வீட்டிலிருந்தே செய்வேன்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. புகார்களுக்கு இனிமேல் கம்ப்யூட்டரே பதில் சொல்லிவிடுமாம். "தீபாவளிக்குள்ள கிளவுட் சர்டிபிகேட் வாங்கறவங்களைப் புது டீம்ல எடுத்துக்கறோம். மத்தவங்களுக்கு நான் உறுதி சொல்ல முடியாதும்மா" என்றார் எங்கள் மேலாளர் அம்மா. நல்லவர். அதனால்தான் மறைக்காமல் சொன்னார்.

கிளவுட் என்றால் என்ன என்று வீட்டில் விளக்க நான் எவ்வளவோ பாடுபட்டேன். கம்பெனியிலேயே கம்ப்யூட்டர்களை வாங்கி அடுக்கி வைக்காமல், எங்கோ இருக்கும் பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர்களைத் தேவைக்கு ஏற்ப வாடகைக்கு எடுத்து ஓட்டுவது என்றேன். என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தீவாளி ஆர்டருக்கு அடுத்த ஊட்டுத் தறியை வாடகைக்கு எடுத்து ஓட்டறோம், ஆர்டர் முடிஞ்சா விட்டுப்போடறோம். அதானே புள்ள? இதுக்கெதுக்கு மேகம், மழைன்னு பேரு வெச்சிருக்கறானுக?" என்று கேட்டுவிட்டு ரசத்துக்குப் போய்விட்டார்.

நான் படிக்க ஆரம்பித்தேன். தறி ஓடும் வீட்டில் படிப்பது எப்படி இருக்கும் என்று அங்கே வாழாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஊடை நூலைச் சுமக்கும் நாடா அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அடித்துக்கொண்டே இருக்கும். எட்டும் சேர்ந்து ஓடினால் தண்ணீர்ச் சொம்பு அலமாரியில் நகரும். எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசி நான் பார்த்ததில்லை. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருமுறை பயந்துபோய், "உங்க வூட்ல எப்பப் பாத்தாலும் சண்டதானா?" என்று கேட்டாள். நாங்கள் அப்போது அவளுக்கு இன்னொரு தோசை ஊற்றலாமா என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சத்தத்திலேயே படித்தேன். சப்நெட், பக்கெட், ரீஜன், ரோல் என்று புதுப் புது வார்த்தைகள். பக்கெட் என்றால் தண்ணீர் பிடிக்கும் பக்கெட் இல்லை. கோப்புகளைப் போட்டு வைக்கும் இடத்துக்கு அப்படி ஒரு பெயர். திருப்பித் திருப்பிச் சொல்லி மனதில் ஏற்றினேன். மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண்ணும் ஏறிக்கொண்டே வந்தது.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் விதிமுறை கடுமை. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, வெளிச் சத்தம் கேட்கக் கூடாது, கேமரா வழியாக எங்கிருந்தோ ஒரு கண்காணிப்பாளர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தறிகளுக்கு நடுவே அமைதிக்கு எங்கே போவது? நானே ஒரு யோசனை கண்டுபிடித்தேன். மாதத்தில் ஒரு நாள் மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தும். அன்றைக்கு எங்கள் தெருவே மூச்சடங்கிக் கிடக்கும். அந்த நாளாகப் பார்த்துப் பதிவு செய்தேன். மடிக்கணினியை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, செல்போனிலிருந்து இணையம் கொடுத்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கண்காணிப்பாளர் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். பரீட்சை தொடங்கியது. கேள்விகள் எனக்குத் தெரிந்தவைதான். கை தானாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் திரையின் ஓரத்தில் ஒரு செய்தி: 'வாய்விட்டு வாசிக்காதீர்கள்.' நான் எங்கே வாசித்தேன் என்று திகைத்துவிட்டு மேலே போனேன். மறுபடியும் அதே எச்சரிக்கை. கேமராவைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினேன். சற்று நேரத்தில் திரை வெள்ளையாகிவிட்டது. விதி மீறலுக்காக என் பரீட்சை நிறுத்தப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் நின்றது.

எதுவும் புரியாமல் வெளியே வந்தேன். வாசலுக்கு எதிரே புங்கமரத்து நிழலில் தறிக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் இல்லாத நாளில், தீர்ந்த பாவு நூலோடு புது நூலைப் பிணைக்கிற வேலை நடக்கும். எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். தறி ரிப்பேர் பார்க்கும் மேஸ்திரி எழுந்து நின்று கேட்டார்:

"ஏனுங்க, அந்தப் பக்கெட்டுக் கேள்விக்கு என்னங்க போட்டீங்க? தொறந்து வெச்சா ஊர்ல போறவன் வாரவனெல்லாம் எடுத்துக்குவானாமே. மூடித்தானுங்க வெக்கோணும்?"

பரீட்சை முழுவதையும் தெருவே கேட்டிருக்கிறது. ஒவ்வொரு கேள்வியையும், அதன் கீழே இருக்கும் நான்கு பதில்களையும் நான் பாட்டாக வாசித்திருக்கிறேன். இத்தனை நாளும் தறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தில், அன்றைய அமைதியிலும் மனதுக்குள் படிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வாயில சொல்ற பரீட்சையாக்கும்னு நெனச்சுப்போட்டோமுங்க" என்றார் மேஸ்திரி பரிதாபமாக. "நல்லா கணீர்னு சொல்றாங்கன்னுகூடப் பேசிக்கிட்டோம். இருமல் வந்தவங்களைக்கூட அக்கட்டப் போயி இருமச் சொன்னமுங்க."

எனக்காக அத்தனை பேரும் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். தெருவில் சத்தம் போட்ட ஒரே ஆள் நான்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. யாரோ களுக்கென்று சிரிக்க, மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள். நான் முதலில் சொன்னேனே, அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையும் மற்றவர்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் சிரித்தார். அப்போது எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

மேலாளர் அம்மாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். மறுமுனையில் இருமுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு மேலிடத்தில் பேசி இன்னொரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார். ஆனால் இந்த முறை வீட்டிலிருந்து எழுத முடியாது. சேலத்தில் தேர்வு மையத்துக்குத்தான் போக வேண்டும். "பக்கத்துல நிறையப் பேர் உக்காந்து எழுதுவாங்க. நீங்க முணுமுணுத்தா வெளியே அனுப்பிடுவாங்க. இதுக்கு மேல என்னாலயும் கேக்க முடியாதும்மா" என்றார்.

கிளவுட் படிப்பு என் தலையில் ஏறியிருந்தது. வாயைத்தான் அடக்கத் தெரியவில்லை. வாயில் துணியைக் கட்டிக்கொண்டு படித்துப் பார்த்தேன். "மாட்டுக்கு வாய்க்கூடு போட்டாப்பல இருக்குது புள்ள" என்று என் வீட்டுக்காரர் ஓடிப்போய் மற்றவர்களையும் கூட்டிவந்து காட்டினார். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். கஷ்டமான கேள்வி வந்ததும் விழுங்கிவிட்டேன்.

ஒரு நாள் காற்றுக்காகத் தறிக்கூடத்தின் வாசற்படியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எதிர்க்கோடியில் அந்த அக்கா நின்றார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பிறகு சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். உற்றுப் பார்த்தேன். 'சப்நெட்டு.' நான் அப்போதுதான் வாசித்த வார்த்தை. அடுத்த வரிக்குப் போனேன். அவர் மறுபடியும் உதட்டை அசைத்தார். 'பிரைவேட்டு சப்நெட்டு.'

தறி ஓட்டுகிறவர்கள் பேசிக்கொள்வதே அப்படித்தான். கத்தினாலும் கேட்காது என்பதால் உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேச்சு. நூல் அறுந்தால் ஒரு சைகை, மேஸ்திரியைக் கூப்பிட ஒரு சைகை, டீ வந்தால் ஒரு சைகை. எல்லோருக்குமே ஓரளவு வரும். ஆனால் அந்த அக்காவைப் போல அவ்வளவு தூரத்திலிருந்து, அதுவும் இங்கிலீஷ் வார்த்தையை உதட்டிலிருந்து எடுக்க யாராலும் முடியாது.

அன்றிலிருந்து அவர்தான் எனக்குக் கண்காணிப்பாளர். நான் தினமும் வேலை முடிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து மாதிரித் தேர்வு எழுதுவேன். அவர் தன் தறிகளுக்கு நடுவே போகும்போதும் வரும்போதும் என் வாயை ஒரு பார்வை பார்ப்பார். உதடு அசைந்தால் போதும், கையை உயர்த்திக் கூடம் முழுவதற்கும் சைகை காட்டிவிடுவார். உடனே அவர் உதட்டைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து நான் முணுமுணுத்த வார்த்தையை உதட்டால் எனக்கே திருப்பிச் சொல்வார்கள். அவமானமாக இருக்கும். சிரிப்பும் வரும். 'பக்கெட்டம்மா' என்று எனக்குப் பட்டப்பெயரே விழுந்துவிட்டது.

"இல்லீங்கக்கா, நான் வாயே தொறக்கல" என்று தறி நின்றதும் சண்டைக்குப் போவேன்.

"தொறக்கலீங்களா? 'ரோலு'ன்னு சொன்னீங்க, அப்பறம் 'அய்யோ'ன்னு சொன்னீங்க, அப்பறம் எங்க அண்ணனை என்னமோ திட்டுனீங்க. சொல்லட்டுங்களா என்னன்னு?"

அவர் அண்ணன் என்றது என் வீட்டுக்காரரை. சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர்தான் ஒரு வழியும் சொன்னார். "வாயி சும்மா இருக்கோணும்னா கைக்கு வேலை குடுங்க அம்மணி. எங்களுக்கெல்லாம் கைதானுங்க பேசுது." அப்படியே செய்து பார்த்தேன். வாசிக்கிற வார்த்தையை விரல் நுனியால் தொடையில் தட்டினேன். சப்நெட்டுக்கு ஒரு தட்டு, பக்கெட்டுக்கு விரலைக் குவித்து ஒரு அழுத்து. மெல்ல மெல்ல வாய் மறந்து, விரல் பழகியது. அக்காவின் கை உயர்வது குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் மாதிரித் தேர்வு முழுவதையும் ஒரு முறைகூட உதடு அசையாமல் முடித்தேன். மதிப்பெண்ணும் நன்றாக வந்தது. சாப்பாட்டு நேரத்துக்காகத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். அக்கா குழாயடியில் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் ஓடிப்போய், "அக்கா, இன்னைக்கு அசையவே இல்லீங்க!" என்றேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். தூரத்தில் சோற்றுப் போசியைத் திறந்துகொண்டிருந்த மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். அக்கா கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டுத் திரும்பியவர், முதலில் என் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைத்தான் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக் கூடத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க சாமி" என்றார். "எப்ப இருந்துன்னு எனக்கே தெரியலீங்க. சத்தம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. மேஸ்திரி நல்லா எண்ணெய் உட்டிருக்காப்பல, தறி சத்தமில்லாம ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."



டாக்டரிடம் போகலாம் என்றேன். மாட்டேன் என்று வேகமாகத் தலையாட்டினார். "நாலு பேருக்குத் தெரிஞ்சா 'செவிடி'ன்னு ஒரு பேரு விழுந்துரும். அப்பறம் எம் பேரு எவனுக்கு நாவகம் இருக்கப்போவுது? பக்கெட்டுன்னு கூப்புட்டா நீங்க சிரிச்சுக்குவீங்க. அது வேறயிங்க." திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் போன் செய்தால், சிக்னல் இல்லை என்று சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிடுவாராம். மகன் என்ன சொன்னான் என்று அவளிடம் முகம் பார்த்துக் கேட்டுக்கொள்வாராம். சொந்த மகனின் குரலையே அப்படி ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறார்.

அப்போது அவர் இன்னொன்று சொன்னார்.

"நீங்க அந்தப் படியில உக்காந்து வாயை அசைச்சுப் படிப்பீங்கல்ல, எனக்கு அது ரேடியோவாட்டம் இருந்துச்சுங்க. தறியில நின்னா நூலு அறுந்துச்சு, தாரு நூலு தீந்துச்சு, அத்தோட பேச்சு முடிஞ்சுது. நீங்கதான் நிறுத்தாமப் பேசிக்கிட்டே இருப்பீங்க. ஒரு எழவும் அர்த்தமாவாது. ஆனா ஒரு ஆளு பேசறதைக் கேட்டுக்கிட்டே இருக்கறாப்பல இருக்கும்."

அந்த ரேடியோவைத்தான் அவரே நாளுக்கு நாள் கையை உயர்த்தி உயர்த்தி அணைத்திருக்கிறார். என் வேலை போய்விடக் கூடாது என்பதற்காக.

அதன் பிறகு நான் விடவில்லை. ஃபேர்லேண்ட்ஸில் பரீட்சை மையத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே காது டாக்டர் இருக்கிறார், சேர்ந்தே போய்விட்டு வருவோம் என்று தினமும் நச்சரித்தேன். என் தொல்லை தாங்காமல்தான் "நீங்க முதல்ல பாஸாவுங்க, பொறவு பாக்கலாம்" என்றார். தப்பித்துக்கொள்ளச் சொன்ன வார்த்தை அது. நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். துணைக்கு அக்காவைக் கூட்டிப் போகிறேன் என்று மட்டும் வீட்டில் சொன்னேன். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் கிடந்தது. இருந்தும் என் வீட்டுக்காரர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "அக்கா தறியை நான் ஓட்டிக்கறேன், கூட்டிட்டுப் போ" என்றார்.

அப்படித்தான் அந்த மாடிப்படிக்கு வந்து சேர்ந்தோம். படியேறும்போதுதான் பயம் வந்து, பாஸானால்தான் வருவேன், இல்லையென்றால் ஊருக்கு நடை என்று கறாராகச் சொன்னார். பாதிப் படியில் நின்று அவரைப் பார்த்தேன். நான் தோற்றுப்போனால் என் வேலை போகும். அவருக்கோ நிம்மதியாக இருக்கும். நான் பயந்தது அந்த நிம்மதியை நினைத்துத்தான்.

உள்ளே குளிர்பதன அறை. வரவேற்பு மேசையில் ஒரு இளம்பெண். அமைதி காக்கவும் என்று சுவரில் எழுதியிருந்தது. அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கைக்கடிகாரம், செல்போன் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனேன். தடுப்புகளுக்கு நடுவே ஆளுக்கொரு கம்ப்யூட்டர். பக்கத்துத் தடுப்பில் யாரோ மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அத்தனை அமைதி எனக்குப் பழக்கமில்லை. காதில் ஏதோ அழுத்துவதுபோல் இருந்தது. அக்காவுக்கு எல்லா நேரமும் இப்படித்தான் இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்து போனது.

விரல் தட்ட ஆரம்பித்தது. கேள்விகள் நகர்ந்தன. பாதிக்கு மேல் ஒரு கேள்வி, பத்தி பத்தியாக நீண்டுகொண்டே போனது. எந்தப் பதிலைப் பார்த்தாலும் சரிபோலவே இருந்தது. நான் மறந்துவிட்டேன். என் வாய் திறந்தது. ஒரு சத்தமும் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் பக்கத்துத் தடுப்பில் நாற்காலி கிறீச்சிட்டது. கண்காணிக்கும் அம்மா எழுந்து என் பக்கம் வரும் செருப்புச் சத்தம் கேட்டது. என் பின்னால் வந்து நின்றார். போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். வெளியே அந்த அக்கா பஸ்ஸுக்குக் கிளம்புவதுகூடக் கண்ணுக்குள் தெரிந்தது.

அந்த அம்மா குனிந்து, என் காதருகே, "தண்ணி வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். ஆள்காட்டி விரலைத் தன் உதட்டில் ஒரு முறை வைத்துக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார். புகார் எழுதிக்கொடுத்து என்னை வெளியே அனுப்பியிருக்கலாம். ஏன் அனுப்பவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரென்றே தெரியாத அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு கடைசிக் கேள்விவரை பல்லைக் கடித்தபடி விரலால் மட்டுமே பேசினேன்.

முடித்ததும் திரை கொஞ்ச நேரம் சும்மா சுற்றியது. பிறகு தேர்ச்சி என்று வந்தது.

இன்று அந்தப் புது டீமில்தான் வேலை செய்கிறேன். இதையெல்லாம் எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "எம் பேரைப் போடாதீங்க, மத்ததெல்லாம் எழுதிக்கோங்க. அந்த எண்ணெய் சங்கதியை உட்டுப்போடாதீங்க" என்று சிரித்தார். சத்தமில்லாத இடத்தில் என் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. அதைவிட, தினமும் பார்க்கிற மனுஷிக்கு என் குரல் எட்டவே இல்லை என்பதும் தெரியாமல் இருந்தது. இப்போதெல்லாம் யாராவது பேசும்போது என் உதட்டையே பார்த்தால், நான் அவருக்கு நேராகத் திரும்பி, அவசரப்படாமல், வாயை நன்றாகத் திறந்து பேசுகிறேன்.

அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது அக்கா அதே நாற்காலியில், மஞ்சள் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டை மட்டும் அசைத்தேன். பாஸ். வரவேற்பறையின் அந்தக் கோடியிலிருந்து அவர் அதை எடுத்துக்கொண்டார். முகம் மலர்ந்தது. மறு நொடியே வாடியது. சொன்ன சொல் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு சற்று நேரம் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போகவில்லை, வற்புறுத்தவும் இல்லை.

பிறகு எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக வரவேற்பு மேசைக்குப் போனார். எட்டுத் தறிக்கு நடுவே பேசுகிற அதே குரலில், உள்ளே எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திடுக்கிட்டிருப்பார்கள், அப்படிக் கேட்டார்: "ஏன் கண்ணு, எனக்குக் காது கேக்கறதில்லை. இங்க காது டாக்டரு ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?"

அந்தப் பெண் மிரண்டுபோய்க் கையைக் காட்டினாள். அக்கா அந்தக் கையை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டு, எனக்காகக்கூட நிற்காமல், படியில் இறங்கத் தொடங்கினார்.